கொட்டலசுக் குஞ்சும் கத்தரி நாற்றும்

கோடையில் நாற்றங்காலில் நாற்று மடிந்தால் முதலில் விதைமீது பழி போடுகிறோம். அடுத்து நோய் என்று மருந்தடிக்கிறோம். சூடு தாங்காமல் போயிருக்கும் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. செங்கல்பட்டு மாவட்ட விவசாயப் பெருமக்கள் இந்த விஷயத்தை நம் கடற்கரைப் பாறைகளில் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காக்க அலையோரம் போட்டிருக்கும் கருங்கற்களில் வெள்ளை வெள்ளையாகச் சிறு கூடுகள் ஒட்டியிருக்கும். வெறுங்காலுடன் ஏறினால் அறுத்துவிடும். கொட்டலசு என்று பெயர். படகின் அடியிலும் படியும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் வரும் வழியிலும் படிந்து தொல்லை தருகிறது. பார்வைக்குச் சிப்பி போல் தோன்றினாலும் இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. குஞ்சுப் பருவத்தில் கடலில் நீந்தித் திரியும். ஒருமுறை பாறையில் தலையைப் பதித்து ஒட்டிக்கொண்டால் ஆயுள் முழுவதும் அங்கேயேதான். நிலத்தில் ஊன்றிய நாற்றும் அப்படித்தான். வெயிலுக்குப் பயந்து எழுந்து போக முடியாது.

நம் கரையில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். நண்பகலில் நீர் வற்றும் நாட்களில் மேல் பாறை வெயிலில் காய்கிறது. காற்று 38 டிகிரி என்றால் கருங்கல் 50 டிகிரியைத் தொடக்கூடும். வளர்ந்த கொட்டலசு கூட்டின் கதவை மூடி, உள்ளே உள்ள ஈரத்தைக் காத்துக்கொள்ளும். ஒட்டிச் சில நாட்களே ஆன குஞ்சு கடுகைவிடச் சிறியது. ஓடு மெல்லியது, உள்ளே ஈரமும் சொற்பம். கல்லின் சூடே அதன் சூடு. ஆகவே வெயிலை நேராக வாங்கும் முகத்தில் அவை மாள்கின்றன. நிழல் விழும் இடுக்குகளில் பிழைக்கின்றன. ஸ்காட்லாந்துக் கரையில் ஜோசப் கானெல் ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. கொட்டலசு பாறையில் எவ்வளவு கீழே பரவலாம் என்பதைப் போட்டியும் எதிரிகளும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு மேலே போகலாம் என்பதைக் காய்ச்சலும் சூடும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் மார்க் பெர்ட்னஸ் 1989இல் இன்னொன்றைக் காட்டினார். சூடான மேல் பாறையில் நெருக்கமாக இருந்த கொட்டலசுகள் ஒன்றுக்கொன்று துணையாகி அதிகம் பிழைத்தன. (இதைக் கேட்டு நாற்றங்காலில் விதையை நெருக்கிக் கொட்டிவிடாதீர்கள். நமக்கு அதனால் நாற்றழுகல்தான் மிஞ்சும்.)

இனி நம் மேட்டுப்பாத்திக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் வெறும் மணற்பாங்கான மண்ணின் மேற்பரப்பும் அந்தப் பாறையைப் போலவே 50 டிகிரியைத் தாண்டும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றின் இளந்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்து, சுருங்கி, நாற்று சாய்ந்துவிடும். பார்வைக்கு நாற்றழுகல் போலவே இருப்பதால்தான் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பிடுங்கிப் பாருங்கள். அழுகல் என்றால் தண்டு நீர் கோத்துக் கொழகொழவென்றிருக்கும். ஈரம் தேங்கிய இடத்தில் திட்டுத் திட்டாகப் பரவும். சூட்டுக் காயம் என்றால் மண் மட்டத்தில் மட்டும் பழுப்பாக, காய்ந்து ஒடுங்கியிருக்கும். வேர் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். இதற்கு எந்த மருந்தும் கேட்காது.

நிழல்தான் கேட்கும். நிழல்வலை வாங்க முடியாதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இடுப்பளவு உயரத்தில் பந்தலிட்டுத் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்பினால் போதும். விதைத்ததும் பாத்திமேல் மெல்லிய வைக்கோல் மூடாக்கு இட்டு, முளை கண்டதும் நீக்கிவிடுங்கள். பூவாளியால் காலையிலும் மாலையிலும் நீர் தெளியுங்கள். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து கீற்றைச் சிறிது சிறிதாக விலக்கி நாற்றை வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலிலேயே வளர்ந்த நாற்று வயலில் துவண்டுவிடும். நடவை மாலையில் வைத்துக்கொள்வது நலம். மேல்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதிக்கும் நாட்களில் நடவையே தள்ளிப்போடலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் டிகிரி, சுமார் நாலடி உயரத்தில் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளந்தது. நாற்று அங்கே வளரவில்லை. வேளாண் வானிலை நிலையங்களில் மண்ணுக்குள் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் சூட்டை அளக்கிறார்கள். அந்தக் கணக்கையும் கோடை மாதங்களில் விவசாயிகளுக்கு அன்றாடம் அறிவிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை ஒரு மண் வெப்பமானியின் முனையை மண்ணில் லேசாகப் புதைத்து, பிற்பகல் 2 மணிக்கு நீங்களே பாருங்கள். பந்தலுக்குள் ஒரு முறை, வெளியே ஒரு முறை.