முற்றுகைக்குள் வாங்கிய நிலம்



எரேமியா 29-ம் அதிகாரத்தின் 11-ம் வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவ வீடு அநேகமாக இராது. நாள்காட்டியிலும் வாக்குத்தத்த அட்டையிலும் திருமண அழைப்பிதழிலும் அதைக் காண்கிறோம். சில ஆட்டோக்களின் முதுகிலும் கண்டிருக்கிறேன். தேவன் நம்மைக் குறித்துத் தீமை நினைக்கவில்லை, நாம் காத்திருக்கும் முடிவை அவர் தருவார் என்று அது நமக்குச் சொல்கிறது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் அச்சிட்டவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. அந்த முடிவு வருமுன் 70 வருஷம் நிறைவேறவேண்டும் என்பதே 10-ம் வசனத்தின் செய்தி.

இது யாருக்கு எழுதப்பட்டது என்பதைச் சிந்தியுங்கள். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எகோனியா ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்றான். அந்தச் சிறையிருப்பின் மக்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் இது. அது வாசிக்கப்பட்டபோது 30 வயதாயிருந்த ஒரு கொல்லன், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்பதை அந்த ஒரே வாக்கியத்தில் அறிந்துகொண்டிருப்பான். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைவைத்த பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று அந்த நிருபம் கட்டளையிடுகிறது. ஆறுதல் தேடியவனுக்குக் கையில் மண்வெட்டியைக் கொடுத்ததுபோல் இது இருந்திருக்கும்!

இதற்கு முந்தின அதிகாரத்தில் வேறொரு பிரசங்கம் இருக்கிறது. கிபியோன் ஊரானாகிய அனனியா தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கேட்க, இரண்டு வருஷத்திற்குள் எல்லாம் திரும்பிவிடும் என்றான். ராஜா வருவார், ஆலயப் பணிமுட்டுகள் வரும், பாபிலோனின் நுகம் முறியும் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக உடைத்தும் காட்டினான். அவன் சொன்னது நல்ல செய்திதான். எரேமியாவே அதற்கு ஆமென் என்றார். கர்த்தர் கொடாத ஒரு தேதியைக் கர்த்தருடைய நாமத்தினால் சொன்னதில்தான் அனனியாவின் பாவம் இருந்தது.

இந்நாளில் அனனியாவுக்கு மேடைகள் குறைவில்லை. இந்த மாதத்திற்குள் கடன் தீரும், இந்த ஆண்டிற்குள் குழந்தை பிறக்கும் என்று நாள் குறிக்கிற குரல்களை நாம் கேட்கிறோம். அவற்றால் விளைகிற சேதத்தைப் பிறகு வீடு வீடாகச் சென்று பார்க்கிறவர்கள் சபைப் போதகர்களே. சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் மனைவியை எனக்குத் தெரியும். ஈஸ்டருக்குள் உன் கணவர் அந்த இயந்திரத்தை விட்டுவிடுவார் என்று ஒரு கூட்டத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஈஸ்டர் வந்தது, இயந்திரம் அப்படியே இருந்தது. உங்கள் விசுவாசத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று உறவினர் சொல்லத் தொடங்கினார்கள். நோயின் பாரத்தைச் சுமந்த அந்தச் சகோதரி குற்றச்சாட்டின் பாரத்தைச் சுமக்கமாட்டாமல், பல மாதங்கள் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

தேவன் சுகமாக்குகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. யாக்கோபு நிருபம் கற்பிக்கிறபடி நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதை நாம் நிறுத்தப்போவதும் இல்லை. நம்முடைய வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. நம் பேச்சில்தான் அவை ஒன்றோடொன்று கலந்துபோயின. கேட்டதைக் குறித்த நாளில் பெற்றே தீருவோம் என்கிற உறுதியை இரண்டாலும் அழைக்க முடியாது என்பது என் எண்ணம். அந்த உறுதி நாள் தவறியவுடன் உடைந்துபோகிறது. அதோடு மனிதரும் உடைகிறார்கள்.

அப்படியானால் வேதம் காட்டும் நம்பிக்கை எப்படியிருக்கும்? 32-ம் அதிகாரத்திற்கு வாருங்கள். சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். கல்தேயருடைய சேனை எருசலேமை வளைத்திருக்கிறது. நகரம் விழும் என்று அறிவித்ததற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய தகப்பனின் சகோதரருடைய மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு மிக அருகிலுள்ள ஊர். அந்தப் பகுதியே எதிரியின் கையில். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் ஒரு சென்ட் மனைகூட வாங்கமாட்டோம் நாம். எரேமியாவோ 17 சேக்கல் வெள்ளியை, ஏறக்குறைய 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப்பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு பத்திரங்களையும் பாருக்கிடம் கொடுத்து, அவை நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் வாசிப்பதில்லை. பத்திரத்தைக் கொடுத்தபின் அவர் ஜெபிக்கிறார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரை மகிமைப்படுத்தித் தொடங்குகிற அந்த ஜெபம், 25-ம் வசனத்தில் திகைப்பில் முடிகிறது. நகரமோ கல்தேயர் கையில் விழப்போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்கிறார். மனம் தெளிந்தபின் கீழ்ப்படிவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. பணத்தைக் கொடுத்தார், கையெழுத்திட்டார், அதன்பின் தம் குழப்பத்தைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். கர்த்தர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. கலங்குகிறவர்களிடம் நம்பிக்கை இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த வசனத்தின் முன் சற்று நிற்கவேண்டும்.

எரேமியா அந்த நிலத்தில் விதைத்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. எருசலேம் விழுந்தபின் சொந்த ஜனங்களே அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். பென்யமீன் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும் என்ற வாக்கு நிறைவேறியது. அதைக் கண்டவர்கள் வேறொரு தலைமுறையினர்.

நம் கைகளில் இருக்கும் தமிழ் வேதாகமத்தின் தொடக்கமும் இப்படிப்பட்டதே. 1706-ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க் ஐயர் 1708-ன் இறுதியில் அங்குள்ள கோட்டையில் நான்கு மாதம் சிறைவைக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டை அச்சில் கண்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்து, 1719-ல் தமது 36-ம் வயதில் இறந்தார். மீதியைப் பின்வந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள்.

நமக்கு நாள் குறிக்க அதிகாரம் இல்லாவிட்டால் நம்முடைய நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிகழ்ந்து முடிந்த ஒரு நாளின்மேல் நிற்கிறது. வாரத்தின் முதல் நாள் அதிகாலையில், ஸ்திரீகள் கந்தவர்க்கங்களோடு கல்லறைக்குப் போனபோது அது திறந்திருந்தது. பேதுரு தமது முதலாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே நம் நம்பிக்கையை அந்த உயிர்த்தெழுதலோடு இணைக்கிறார். அதை வாசித்தவர்களோ அப்போது உபத்திரவத்தில் இருந்தவர்கள். டயாலிசிஸ் அறிக்கையில் எந்த எண் வந்தாலும் அந்தக் காலைப்பொழுது மாறுவதில்லை.

நான் குறிப்பிட்ட சகோதரி இப்போது ஆலயத்திற்கு வருகிறார்கள். கணவரின் நிலையில் பெரிய மாற்றமில்லை. கடந்த ஜூன் மாதம் மகளை நர்சிங் படிப்பில் சேர்த்தார்கள். நான்கு வருஷப் படிப்பு. "அவர் பட்டமளிப்பைப் பார்ப்பாரா தெரியாது ஐயா, ஆனாலும் பீஸ் கட்டிவிட்டேன்" என்றார்கள். நானும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, ஜெபித்துவிட்டு வந்தேன்.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் எரேமியா 32-ம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். 16-ம் வசனம் முதல் 25-ம் வசனம் வரை வீட்டில் மூத்தவர் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மருத்துவமனையில் இருக்கிற நம் சபையார் எவருக்கேனும் வாசித்துக் காட்ட ஆள் இல்லையென்றால் எனக்குத் தெரிவியுங்கள், நான் வருகிறேன்.