பழைய கார் பொன் முட்டை இடுமா?

தாம்பரத்தில் ஒரு வீடு. கொல்லைப்புறத்தில் தார்ப்பாயால் மூடிய பழைய கார் ஒன்று நிற்கிறது. தாத்தா வாலிப வயதில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பேரன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறான்.

"தாத்தா! வெளிநாட்டில் ஒரு பழைய கார் ஆயிரம் கோடிக்குப் போயிருக்கிறதாம்! நம் காரும் பழசுதானே?"

பாட்டி குறுக்கிடுகிறாள். "இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிடுங்கள்!"

இப்படிப்பட்ட பேச்சு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். யார் சொல்வது சரி? பேரனா, பாட்டியா?

இருவர் சொல்வதும் சரியல்ல!

பள்ளிக்கூடத்துக் கார்

பேரன் பார்த்த செய்தி பொய் அல்ல. 1955ஆம் ஆண்டைச் சேர்ந்த மெர்சிடிஸ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, 2022 மே மாதம் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய்! அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே கார்கள்தான்.

இன்னொரு கதையைக் கேளுங்கள். இத்தாலியின் பெராரி கம்பெனி 1960களில் 250 ஜி.டி.ஓ. என்ற பந்தயக் காரைச் செய்தது. மொத்தம் 36தான். அதில் ஒன்றை அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்காக! 1972இல் பள்ளிக்கூடம் அதை 6,500 டாலருக்கு விற்றுவிட்டது.

2023இல் அதே வகைக் கார் ஒன்று 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விற்றது.

பள்ளிக்கூடத்தார் ஏமாளிகளா? இல்லை. நாளைக்கு எது விலை ஏறும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இன்றும் தெரியாது!

ஏறியது இறங்கும்

1988இல் பெராரி கம்பெனியை நிறுவிய என்சோ பெராரி காலமானார். அவர் பெயர் தாங்கிய கார்களுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கடன் வாங்கிக்கூட வாங்கினார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் விலை மளமளவென்று சரிந்தது. உச்ச விலையில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

தங்கத்தை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். வயலைக் குத்தகைக்கு விடலாம். பழைய காரோ சும்மா நின்றாலும் செலவு வைக்கும்!

பெருங்களத்தூரில் பிறந்த கார்

இனி தாத்தாவின் காருக்கு வருவோம்.

வண்டலூருக்கு அருகே, பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961இல் அங்கிருந்து ஹெரால்டு கார் வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி. முன்பக்க மூடி முழுவதும் அப்படியே முன்னால் சாயும். குறுகிய சந்திலும் சட்டென்று திரும்பும். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் 1962இல் ஸ்பிட்பயர் என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

அப்படியானால் கோடி ரூபாய் கிடைக்குமா?

கிடைக்காது! ஸ்பிட்பயர் 3 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்கே வெளிநாட்டில் கோடிகள் இல்லை.

சரி, அரிதாக இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. அதே பெருங்களத்தூர்த் தொழிற்சாலை 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. பெட்ரோலை அதிகமாகக் குடித்ததால் சரியாக விற்கவில்லை. 1988இல் உற்பத்தியே நின்றது. இன்று அது மிக அரிது. ஆனால் அதற்காகக் கோடிகளை நீட்டுவோர் இல்லை. பொருள் அரிதாக இருந்தால் மட்டும் விலை ஏறாது. அதை விரும்புகிறவர் பலர் இருக்க வேண்டும்.

மறைமலை நகருக்கும் இதுதான் பாடம். அங்கே போர்டு தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றது. "இனி போர்டு கார் கிடைக்காது. வாங்கிப் பூட்டி வைத்தால் லாபம்" என்று எண்ணுவோர் உண்டு. லட்சக்கணக்கில் ஓடிய குடும்பக் காருக்கு, தொழிற்சாலைக் கதவு மூடியதால் மட்டும் மவுசு வந்துவிடாது.

செலவுக் கணக்கு

பழைய காரை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. மழைக்காலத்தில் தகரம் துருப்பிடிக்கும். இந்தக் காலத்து எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டை யார் மறப்பார்கள்? தண்ணீரில் மூழ்கினால் காரின் மதிப்பும் மூழ்கிவிடும்.

சட்டமும் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். புதிதாகப் பதிவு செய்யும் காரின் நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரில் தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்குத்தான் ஓட்டலாம்.

முடிவு என்ன?

பாட்டி இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட வேண்டாம். எடைக்குப் போட்டால் இரும்பின் விலைதான் கிடைக்கும். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். அசல் பாகங்களைக் கழற்றி எறியாதீர்கள். காகிதமும் அசல் பாகமும் இருந்தால், அருமை தெரிந்தவர் நல்ல விலை கொடுப்பார்.

பேரனுக்கும் ஒரு வார்த்தை. லாபம் வரும் என்று நம்பி, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்துப் பழைய கார் வாங்காதே! பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ள பணம் அதில் முடங்கக் கூடாது.

ஆசை இருந்து, கையில் உபரிப் பணமும் இருந்தால் காரை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்து நிறுத்துங்கள். தாத்தா ஒரு நிமிடம் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கட்டும்.

அந்த மகிழ்ச்சிதான் நிச்சயமான லாபம். மற்றதெல்லாம் அதிர்ஷ்டம்!