மண் அள்ளுவதற்குப் பெயர் தொழிற்சாலையா?

 

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். வாசிக்காமல் கொமெண்ட் போடுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"இல்மனைட் பெக்டரி வந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை, வேண்டாமென்று கத்துகிறவன் ஊரைக் கெடுக்கிறவன்" என்று ஒரு குரல் பதிவு நமது வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கதிரவெளியிலும் வாகரையிலும் மக்கள் வீதியில் இறங்கி நின்றதைப் பார்த்தோம். திருக்கோவிலில் நின்றார்கள். மன்னாரில் இன்னும் நிற்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் விசர் பிடித்துவிட்டது என்றுதான் அந்தக் குரல் சொல்கிறது.

எனக்கு ஒரேயொரு சொல்லோடுதான் சண்டை. "பெக்டரி" என்ற சொல்லோடு.

கடற்கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கும் மண்தான் இல்மனைட். அது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த தாது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூலக்கூற்று நிறையைப் போட்டுப் பார்க்கட்டும். 100 கிலோ சுத்தமான இல்மனைட்டில் ஏறக்குறைய 32 கிலோ தைத்தேனியமும் 37 கிலோ இரும்பும் இருக்கும், மீதி ஒட்சிசன். இந்த 32 கிலோவுக்காகத்தான் உலகம் அலைகிறது. விமானம், எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு, நம் வீட்டு வெள்ளைப் பெயின்ட் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். தோண்டுவதில் பெரும்பகுதி உலோகமாக ஆவதில்லை, வெள்ளைத் தூளாகப் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிறது.

அந்த 32 கிலோவை இங்கே யாராவது எடுக்கப் போகிறார்களா? இல்லை.

இங்கே நடக்கக்கூடியது இவ்வளவுதான். மண்ணை அள்ளுவார்கள். தண்ணீரோடு சேர்த்துச் சுருள் தவாளிகளில் ஓடவிடுவார்கள். வெள்ளை மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட்டினது 4.7 அளவில். பாரமானது உள்பக்கம் ஒதுங்கும், இலேசானது வெளியே ஓடும். அரிசி அரிக்கும் உம்மாமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு காயவைத்துப் பலமான காந்தத்துக்குக் கீழே விட்டால் இல்மனைட் ஒட்டிக்கொள்ளும். எஞ்சியதில் மின்னேற்றிய உருளைகளால் உரூத்தைலையும் சிர்க்கோனையும் பிரிப்பார்கள். ஒன்று மின்னைக் கடத்தும், மற்றது கடத்தாது. அதோடு சரி. மூட்டை, லொறி, கப்பல். உலோகம் பிறப்பது வேறு நாட்டில்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உயர்தர இரசாயனவியலில் நம் பிள்ளைகளே படிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். தாதுவை காபனோடு சேர்த்து 900 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, குளோரீன் வாயுவைச் செலுத்தினால் தைத்தேனியம் நாற்குளோரைட்டு ஆவியாக வரும். அது 136 பாகையில் கொதிக்கும் திரவம், காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கலாம். ஒட்சிசனில் எரித்தால் வெள்ளைத் தூள், குளோரீன் திரும்பக் கிடைக்கும். உலோகமே வேண்டுமென்றால் லக்சம்பர்க்காரர் குரோல் கண்டுபிடித்த வழி: காற்றுப் படாமல் ஆகன் வாயுவுக்குள், 800 பாகைக்கு மேல், உருகிய மகனீசியத்தோடு தாக்கமுற விடவேண்டும். ஒரு கிலோ தைத்தேனியத்துக்கு ஒரு கிலோவுக்குக் குறையாத மகனீசியம் போகும். நாட்கணக்கில் உலை எரியும். கடைசியில் கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி. இரசாயனவியலாளர், பொறியியலாளர், ஒட்டுநர், ஆய்வுகூட உதவியாளர் என்று படித்த பிள்ளைக்கு வேலை வருவது இந்த இடத்தில். அரிப்பதற்கும் அள்ளுவதற்கும் லொறிச் சாரதியும் நாட்கூலியும் காணும்.

நமது மாவட்டத்தின் வடக்கு நுனி புல்மோட்டை, தெற்கு நுனி நாம். அங்கே கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது 1957-இல். மண்ணில் 70 வீதமளவுக்கு இல்மனைட் உள்ள கரை அது, உலகத்தில் அப்படி அதிகம் இல்லை. போர்க்காலத்திலும் அந்த மண் போய்க்கொண்டுதான் இருந்தது. 1997 செப்டெம்பரில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி கப்பலைப் புலிகள் தாக்கியதும் உயிர்கள் போனதும் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். இத்தனை ஆண்டில் புல்மோட்டையில் ஒரு கிலோ தைத்தேனியம் எடுத்தோமா? ஒரு வாளி வெள்ளைத் தூள்? அரச நிறுவனம் என்பதால் அங்கே நிரந்தர வேலை பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அரசாங்கமே செய்யாததை நேற்றுப் பதிந்த ஒரு கம்பனி வெருகலில் செய்யுமென்று நம்பச் சொல்கிறீர்களா?

கேரளத்தைப் பாருங்கள். அதே கறுப்பு மண்தான். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டேனியம் ஆலை 1946-இல் ஆரம்பிக்கப்பட்டது. சவறாவில் 2011-இல் ஆண்டுக்கு 500 தொன் உலோகப் பஞ்சு எடுக்கும் ஆலை வந்தது, அவர்களுடைய ரொக்கெட்டுக்குப் போகிறது. அதையும் சர்க்கரை பூசிச் சொல்லமாட்டேன். திருவனந்தபுரத்து ஆலை சல்பூரிக்கமில முறை, அதன் அமிலக் கழிவு கடலுக்குப் போனது. சவறாப் பக்கத்துக் கிணறுகள் கெட்டு, சனங்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். உலோகம் எடுப்பதற்கு விலை உண்டு. அவர்கள் விலையும் கொடுத்தார்கள், உலோகமும் எடுத்தார்கள். நமக்கு விலை மட்டும்.

என்ன விலை? பூவல் தோண்டிக் குடித்த சனம் நாம். கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? மழைநீர் மணல் திட்டிக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். திட்டியை வெட்டி மேலே ஒரு அடியைக் குறைத்தால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறும். புல்மோட்டையில் வாடைக்காற்றுக்குக் கடல் திரும்பவும் கறுப்பு மண்ணைக் கொண்டுவந்து போடுகிறது என்பார்கள், உண்மைதான். அது அலையடிக்கும் கரையின் கதை. உள்ளே இருக்கும் திட்டியைக் கடல் கட்டித் தராது. 2004 சுனாமியைக் கண்ட ஊருக்குத் திட்டி என்றால் என்னவென்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கதிர்வீச்சு, புற்றுநோய் என்று பயமுறுத்தும் செய்திகளையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். மொனசைட்டில் தோரியம் இருப்பது உண்மை. இந்த மண்ணில் அது அரை வீதத்துக்கும் குறைவு. கழிவு மண்ணில் அது திரளுமா, அந்தக் கழிவை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பொய்யைச் சேர்த்தால் நம் உண்மையும் கெட்டுப்போகும்.

"சேருக்கென்ன, அவர் மூதூர்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நான் படிப்பிப்பது உங்கள் பிள்ளைக்கு. இதில் தமிழ், முஸ்லிம் என்று கோடு போட்டால் சந்தோசப்படுவது அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் மட்டும்தான்.

முடியாதென்றும் சொல்லாதீர்கள். எப்பாவல பொஸ்பேற்றை அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்கப் போனபோது, அந்த ஊரார் ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது. சரியான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் கைவைக்க முடியாமல் போனது.

நமக்கு 2016-இன் தகவலறியும் சட்டம் இருக்கிறது. நமது கரையில் யாருக்கு என்ன அனுமதிப்பத்திரம், எத்தனை அடி ஆழம், சுற்றாடல் அறிக்கை எங்கே, பிரித்த மண் எங்கே போகும் என்று கேட்டால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை தவிர்ந்த எந்த நாளும் பாடசாலை விட்ட பிறகு என்னைப் பிடிக்கலாம். அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்.