எல்லா பேப்பரும் கரெக்டா இருக்கு சார்

நம்ம ஊர் பைக் லேசுல கெடாதுங்க. பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

மழையில நனையுது, வெயில்ல காயுது, மூணு பேரும் ஒரு கேஸ் சிலிண்டரும் ஏறுறாங்க, ஆயில் மாத்தி எந்தக் காலமாச்சோ தெரியாது. ஆனாலும் காலையில ஒரு உதை விட்டா ஸ்டார்ட் ஆயிடுது. நூறு சிசி எஞ்சினைச் சும்மா சொல்லக் கூடாது, நம்மளை மாதிரி ஆளுங்களைத் தாங்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அதனால நமக்கு "வண்டி நல்ல கண்டிஷன்"னா என்ன? ஸ்டார்ட் ஆகுது, லிட்டருக்கு அம்பது குடுக்குது. அவ்வளவுதான். பழைய வண்டி வாங்கப் போறவர் கேக்குற முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" ரெண்டாவது, "சிங்கிள் ஓனரா?" பிரேக் பிடிக்குமான்னு கேட்டவரை நான் இன்னும் பார்க்கல.

எஞ்சின் மக்கர் பண்ணா வண்டி நடுரோட்டுல நின்னுடும். தள்ளிக்கிட்டு மெக்கானிக் கடைக்குப் போயே தீரணும். பிரேக் ஷூ தேய்ஞ்சா? வண்டி பாட்டுக்கு ஓடும். டயர் மொட்டையானா? ஓடும். பிரேக் லைட் எரியலேன்னா? ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. அது அவருக்காக வெச்ச லைட்டே இல்லையே. பின்னாடி வர்ற எனக்காக வெச்சது.

இதை நான் இவ்வளவு வயித்தெரிச்சலோட சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒரு சாயங்காலம், மேம்பாலம் இறங்குற இடம். முன்னாடி போன பைக் திடீர்னு நின்னுச்சு. டெயில் லைட் என்னவோ சிவப்பா எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. பிரேக் பிடிச்சதும் பளிச்சுனு கூடணுமே, கூடல. நான் அடிச்ச பிரேக்குல என் வண்டி சறுக்கி, முழங்கை தார் ரோட்டுல உரசி, பேன்ட் கிழிஞ்சு... கூட்டம் கூடிருச்சு. "பெரியவரே, பார்த்து வரக் கூடாதா?" பெரியவராம்! முழங்கையை விட அதுதான் எரிஞ்சுச்சு.

போலீஸ்காரர் வந்தார். முன்னாடி போன பைக்கை ஓட்டின பையன்கிட்ட பேப்பர் கேட்டார். ஆர்.சி. இருக்கு. இன்ஷூரன்ஸ் இருக்கு. பொல்யூஷன் சர்டிபிகேட்டும் தேதி முடியாம இருக்கு. "எல்லா பேப்பரும் கரெக்டா இருக்கு சார்"னு போனை நீட்டினான். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சார் டிஸ்டன்ஸ் விட்டு வந்திருக்கணும்." அவன் பிரேக் லைட்டே எரியலைங்கன்னேன். ரெண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. பேப்பர்தான் கரெக்டா இருக்கே, அப்புறம் என்ன?

அந்த லைட் விவகாரம் என்னன்னா, சாதாரண பைக்குல பின்னாடி இருக்குறது ஒரே பல்புதான். உள்ளே ரெண்டு இழை. 5 வாட் இழை ராத்திரி முழுக்க எரியும், 21 வாட் இழை பிரேக் பிடிச்சா மட்டும் எரியும். பெரிய இழை போயிட்டாலும் சின்னது எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பார்க்குறவங்களுக்கு லைட் நல்லாத்தான் இருக்கு! இன்னொரு கூத்து, பின் பிரேக் பெடலுக்கு மேல ஒரு சின்ன ஸ்பிரிங் தொங்கும், பிரேக் லைட் சுவிட்சை இழுக்குறதுக்கு. அது துருப்பிடிச்சு அறுந்துடும். இல்லேன்னா மெக்கானிக் பெடலை ஏத்தி இறக்கி செட் பண்ணிட்டு, சுவிட்ச் நட்டைக் கண்டுக்காம விட்டுடுவார். அப்புறம் ஒண்ணு, லைட் எரியவே எரியாது. இல்ல, எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நாள் முழுக்க பிரேக் பிடிச்ச மாதிரியே போற வண்டிக்குப் பின்னாடி நான் எதை நம்பிப் போறது?

இத்தனைக்கும் இது பெரிய செலவு வைக்குற ரிப்பேர் இல்ல. ஒரு நல்ல டிபன் சாப்பிடுற காசு இருந்தா பல்பை மாத்திடலாம்.

சரி, சர்வீஸுக்கு விடுறோமே, அங்க பார்ப்பாங்கன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பேர் சொல்லல, ஏ.சி. போட்ட, காபி குடுக்குற ஒரு சர்வீஸ் சென்டர்தான். பில்லுல "ஜெனரல் செக்கப்"னு ஒரு வரி, அதுக்கு ஒரு தொகை, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வண்டி பளபளன்னு வந்துச்சு, பாலிஷ் வாசனை வேற. கேட்டைத் தாண்டும்போதே ஹேண்டில் 'டக்'குனு தட்டுச்சு. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினாலே அந்தச் சத்தம், ஸ்டீயரிங் கோன்செட் லூஸ்னு ரோட்டோர மெக்கானிக் காதாலயே சொல்லிடுவார். இவங்க செக்கப்புல என்னத்தைச் செக் பண்ணாங்களோ, தெரியல. கேட்டா, "கம்ப்ளைன்ட்ல எழுதலையே சார்"ங்கறாங்க. வண்டியில என்ன கோளாறுன்னு நானே கண்டுபிடிச்சு எழுதிக் குடுக்கணும்னா, செக்கப் பண்ணது நானா நீங்களா?

ரோட்டோர மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்ல. "மைலேஜ் வரலண்ணே"ன்னு சொன்னா போதும், முதல் வேலையா பின் பிரேக்கை லூஸ் பண்ணி, சக்கரத்தைச் சுத்தி விட்டு, "பாருங்க சார், எப்படி ஃப்ரீயா சுத்துது!"ம்பார். நமக்கும் சந்தோஷம். பிரேக்கைக் குறைச்சு பெட்ரோலை மிச்சம் பிடிக்குற கண்டுபிடிப்பு நம்ம ஊரைத் தவிர வேற எங்கயாவது இருக்குமா?

இப்ப சட்டத்துக்கு வருவோம். லாரி, ஆட்டோ, வேனுக்கெல்லாம் எஃப்.சி., அதாங்க தகுதிச் சான்று, உண்டு. வண்டிக்கு எட்டு வயசு ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பெயின்ட் அடிச்சு, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி மாப்பிள்ளை மாதிரி போய் நிக்கும். அது தனிக் கதை. நம்ம சொந்த பைக்குக்கு? ஷோரூம்ல எடுத்தா ஆர்.சி. 15 வருஷத்துக்கு செல்லும். அந்த 15 வருஷத்துல அரசாங்கம் அந்த வண்டியோட பிரேக்கை ஒரு தடவைகூடப் பார்க்காது. பதினைஞ்சு வருஷம்! எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை காலேஜ் சேர்ந்திருக்கும்.

15 முடிஞ்சா ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். அன்னிக்காவது பார்ப்பாங்களான்னா, நான் பார்த்த வரைக்கும் சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு நகல் எடுக்குறதுலதான் மொத்த கவனமும். நம்பர் சரியா விழுந்துச்சா? ஓகே. வண்டி அதே வண்டிதான்னு உறுதியாயிடுச்சு. அது பிரேக் பிடிக்குற வண்டியாங்கறது வேற கேள்வி, வேற கவுன்டர் போல.

நடுவுல வருஷம் ஒரு தடவை நம்மளைக் கூப்பிடுறது புகைச் சர்டிபிகேட் ஒண்ணுதான். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கும் பழசுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. அது இல்லேன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். வேண்டாம்னு சொல்லல, புகையைப் பார்க்கட்டும். ஆனா போன தடவை நான் போன கடையில, அந்தத் தம்பி பைப்பை சைலென்ஸர் பக்கத்துல ஒரு தடவை காட்டினார், நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார், பிரின்ட்டரைத் தட்டினார். கார்பன் மோனாக்சைடு இத்தனை, ஹைட்ரோகார்பன் இத்தனைன்னு புள்ளி வெச்சு வந்துடுச்சு. என் வண்டி மூச்சு விடுறதுக்குள்ள ரிப்போர்ட் ரெடி! இலங்கையிலயும் வருஷ வரிப்பத்திரம் வாங்கப் புகைப் பரிசோதனைதான் கேக்குறாங்க. புகையை விட்டா வேற எதுவும் ஆளைக் கொல்லாதுன்னு எல்லா ஊர்லயும் முடிவு பண்ணிட்டாங்களோ?

எல்லா ஊர்லயும்னு சொல்லக் கூடாது. சிங்கப்பூர்ல மூணு வருஷம் தாண்டின மோட்டார் சைக்கிளை வருஷா வருஷம் காட்டியாகணும். பிரிட்டன்லயும் அப்படியே. 1960-ல ஆரம்பிச்ச எம்.ஓ.டி. சோதனை அது. விளக்கு, ஹார்ன், பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், செயின் எல்லாத்தையும் தொட்டு, தட்டி, ஆட்டிப் பார்ப்பாங்க. பாஸ் பண்ணிட்டும், "பின் டயர் தேய்ஞ்சுக்கிட்டு வருது, கவனி"ன்னு எழுதிக் குடுப்பாங்க. அந்த வண்டியோட பழைய ரிசல்ட்டை நம்பர் தட்டினா இன்டர்நெட்டுல காசில்லாம பார்க்கலாம். இங்க பழைய பைக் வாங்குறவருக்கு அப்படி ஒரு வசதி இருந்தா, மீட்டரைத் திருப்பி வெச்சு விக்குற புண்ணியவான்கள் எங்க போவாங்க?

என்னை யோசிக்க வெச்ச விஷயம் வேற. பிரிட்டன்ல பைக்குங்க ஃபெயில் ஆகுறதுக்குக் காரணம்னு பார்த்தா, முன்வரிசையில நிக்குறது எஞ்சினே இல்ல. லைட்டு! அடுத்து பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன். தேதி தெரியும், பார்க்கப் போறாங்கன்னும் தெரியும், அப்படியும் எரியாத பல்போட போய் நிக்குறாங்க. பார்க்க ஆள் இருக்குற ஊர்லயே அப்படின்னா, பதினைஞ்சு வருஷம் யாருமே பார்க்காத ஊர்ல எத்தனை வண்டி எப்படி ஓடுதுன்னு நினைச்சுப் பாருங்க. 2022-ல இந்திய ரோடுகள்ல செத்தவங்க 1,68,491 பேர். நூத்துக்கு 44-க்கு மேல டூவீலர்ல போனவங்க. எல்லாம் பல்பால செத்தாங்கன்னு சொல்ல வரல. ஆனா எத்தனை விபத்துல வண்டியோட பிரேக் ஷூவைக் கழட்டிப் பார்த்திருப்பாங்க?

லைட் எரியாதது ஒரு பக்கம்னா, எரியுறது இன்னும் கொடுமை. 2017 ஏப்ரல்ல இருந்து புது டூவீலர்ல ஹெட்லைட் தானா எரியணும்னு விதி வந்துச்சு. பகல்லயும் கண்ணுல படணும்னு நல்ல எண்ணத்துல வெச்சாங்க. நம்ம பசங்க அந்த பல்பைக் கழட்டி எறிஞ்சுட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டு, நேரா என் கண்ணுக்கே குறி வெச்சு விடுறாங்க. டிம் பண்ணுடான்னு நான் கையை ஆட்டினா, அவன் ஹார்ன் அடிக்குறான். மிரர் ரெண்டையும் கழட்டி வீட்டுல வெச்சாச்சு, லுக் போயிடுமாம். இண்டிகேட்டர்? அதுக்குத்தான் பின்னாடி உக்காந்திருக்குறவங்க கை இருக்கே.

இதையெல்லாம் எழுதிட்டு, பைக்குக்கும் வருஷா வருஷம் சோதனை வையுங்கன்னு கேக்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன். உடனே வயித்தைக் கலக்குச்சு. வந்தா என்ன ஆகும்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல இன்னும் நாலு புரோக்கர் கடை. "வண்டி வேணாம் சார், ஆர்.சி. போட்டோ மட்டும் வாட்ஸ்அப்புல அனுப்புங்க." அந்தப் பையன் போன்ல நீட்டுறதுக்கு இன்னொரு சர்டிபிகேட். அவன் பல்பு அப்பவும் எரியாது. என் முழங்கைக்கு மட்டும் அரசாங்க முத்திரையோட ஒரு தேய்ப்பு.

அதனால அரசாங்கத்தை விடுங்க, உங்ககிட்டயே கேக்குறேன். பெரிய வேலை எதுவும் இல்ல. பின் சக்கர டிரம்ல, பிரேக் ராடு சேர்ற இடத்துல, நிறைய வண்டிகள்ல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா அழுத்தும்போது அது பக்கத்துல இருக்குற கோட்டைத் தொட்டுச்சுன்னா ஷூ முடிஞ்சுபோச்சு. டயர் பள்ளத்துக்குள்ள குட்டியா ஒரு மேடு இருக்கும். டயர் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா மாத்துங்க. டிஸ்க் பிரேக்குன்னா ஹேண்டில் பக்கத்துல இருக்குற சின்ன டப்பாவில ஆயில் எந்தக் கலர்ல இருக்குன்னு பாருங்க, காபி டிகாஷன் மாதிரி இருந்தா மாத்தச் சொல்லுங்க.

எதுக்கும் நேரமில்லையா, இதையாவது செய்யுங்க. இன்னிக்கு ராத்திரி வண்டியை வீட்டுச் சுவத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி, சாவியைப் போட்டு, பிரேக்கை அழுத்தி, சுவத்துல சிவப்பு கூடுதான்னு திரும்பிப் பாருங்க. கைப் பிரேக்கைத் தனியா, கால் பிரேக்கைத் தனியா அழுத்திப் பாருங்க. ரெண்டுக்கும் சுவிட்ச் வேற வேற.