பட்டா வேறு, பாத்தியதை வேறு

தந்தையார் மவுத்தானதும் பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, "சகோதரிக்குச் சீர்செய்து அனுப்பிவிட்டோம், இனி அவளுக்கு என்ன பாத்தியதை?" என வினவும் ஆண்மக்களை நாம் கேட்கிறோம்: பட்டா என்று உரிமை மூலமாயிற்று? அது வருவாய்த் துறையின் பதிவேயன்றி வேறன்று.

கபன் செலவு, கடன், மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து ஆகியவை நீங்கி எஞ்சும் சொத்தில், மரணம் நிகழ்ந்த கணமே வாரிசுகள் அனைவரும் பங்குதாரராகின்றனர். மகனுக்கு இரண்டெனில் மகளுக்கு ஒன்று. இது 'அந்நிஸா' அத்தியாயம் விதித்த பங்கு. அண்ணன்மார் அளிக்கும் அன்பளிப்பன்று. வாழ்நாளில் தந்தை தந்த சீர்வரிசை அப்பங்கைக் குறைக்காது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விட்டுவைத்த விவசாய நிலத்தையும், 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அதனுள் சேர்த்துவிட்டது. ஆகவே 'வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை' என்பாரின் வாதமும் வீழ்ந்தது.

"அவளே மனமுவந்து விட்டுக்கொடுத்தாள்" என்பீரோ? நன்று. முதலில் அவள் பங்கை அளந்து, அவள் கையில் ஒப்படையுங்கள். பின்னர் அவள் விரும்பித் திருப்பித் தந்தால், அதற்குப் பெயர் ஹிபா. பங்கையே காட்டாமல் வாங்கும் கையெழுத்துக்கு என்ன பெயரென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?