120 கிலோமீற்றர் என்னும் விளம்பரமும் எமது மேட்டுத் தெருக்களும்

யேர்மனியில் எம்மவர் மத்தியில் மின்சாரத் துவிச்சக்கரவண்டி வாங்கும் வழக்கம் பெருகி வருகின்றது. அதிகாலையில் பத்திரிகை விநியோகிப்போருக்கும், உணவகங்களில் நள்ளிரவு கடந்து வேலை முடிப்போருக்கும், பேருந்து ஓடாத வேளையில் இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலாக விழுங்கிவிடும் இவ்வண்டியைப் பலரும் "120 கிலோமீற்றர் வரை ஓடும்" என்ற விளம்பர வரியை நம்பியே வாங்குகின்றனர். அதிலுள்ள "வரை" என்ற சொல்லை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

பற்றரியின் வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் அதன் உண்மையான கொள்ளளவு வாட்-மணியில் வரும். 36 வோல்ட், 14 அம்பியர்-மணி எனில் 504 வாட்-மணி. இதைக் கொண்டு 120 கிலோமீற்றர் ஓடுவதாயின் கிலோமீற்றர் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய 4 வாட்-மணியே செலவாக வேண்டும். சமதரையில், மிகக் குறைந்த உதவி நிலையில், ஓட்டுபவரின் கால்களும் நன்றாக உழைத்தால் இது நடக்கும். எட்டு மணிநேரம் நின்று பாத்திரம் கழுவிய கால்களிடம் அதனை எதிர்பார்க்க முடியுமா? கூடிய உதவி நிலையில் கிலோமீற்றருக்கு 12 முதல் 15 வாட்-மணி வரை செலவாகலாம். அப்போது அதே பற்றரி 34 முதல் 42 கிலோமீற்றரிலேயே ஓய்ந்துவிடும்.

மேடுள்ள ஊர்களின் கணக்கு வேறு. ஸ்ருட்காட் நகரில் மரியன்பிளாற்ஸிலிருந்து டேகர்லோக் வரை ஏற்றம் சுமார் 200 மீற்றர். (அவ்வழியே செல்லும் பற்சக்கர ரயில், மேலேறும்போது துவிச்சக்கரவண்டிகளையும் ஏற்றிச் செல்வதை வாசகர் பலர் அறிவர்.) ஆளும் வண்டியுமாக 100 கிலோ எடையை அவ்வுயரத்துக்கு ஏற்ற மட்டும் 54 வாட்-மணி தேவை. மோட்டோரின் வினைத்திறன் நூற்றுக்கு 75 எனில் பற்றரி இழப்பது 72; அது 50 ஆக வீழ்ந்தால் 108. மீதி வெப்பமாகிப் பறந்துவிடும்.

இங்குதான் மோட்டோரின் இடம் முக்கியமாகின்றது. சில்லின் அச்சில் பொருத்திய மோட்டோர் சில்லின் வேகத்துக்கே கட்டுப்பட்டது. ஏற்றத்தில் சில்லு மெதுவாகச் சுழல, வினைத்திறனும் வீழ்ந்து மோட்டோர் சூடேறும். பெடலருகே நடுவில் அமைந்த மோட்டோரோ கியர் வழியாகச் சங்கிலியை இழுப்பதால், கியரைக் குறைத்தால் ஏற்றத்திலும் தனக்கேற்ற வேகத்தில் சுழல முடியும். சங்கிலி விரைவில் தேயும், விலையும் கூடும் என்பது உண்மையே. பிறேமன் போன்ற சமதரை நகரில் வாழ்பவர் அதற்காகப் பணத்தை இறைக்கத் தேவையில்லை என்பதே எமது கருத்து.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எமக்கு ஒவ்வொரு வாட்டின் அருமையையும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வாட் கூடினால் நல்லதென எண்ணும் இளைஞர்களுக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். இங்கு தொடர்வலு 250 வாட்டுக்கு மேற்படாமலும், மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவி நின்றுவிடுவதாயும், மிதித்தால் மட்டுமே உதவுவதாயும் இருந்தாலே அது சட்டப்படி துவிச்சக்கரவண்டி. அவ்வெல்லையை நீக்கும் கருவியைப் பூட்டினால் அது காப்புறுதியற்ற மோட்டார் வாகனமாகும். அதனைத் தெருவில் ஓட்டுவது குற்றவியல் குற்றம். வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பித்துக் காத்திருக்கும் குடும்பத்தில் பிள்ளையொருவர் இவ்வாறு அகப்படுவாராயின், அதன் விலை வண்டியின் விலையோடு நின்றுவிடாது.

குளிர்காலத்தில் லித்தியம் பற்றரி தரும் தூரம் மேலும் குறையும். உறைநிலைக்குக் கீழே அதனை மின்னேற்றினால் பற்றரியே பழுதடையும். ஆதலால் கழற்றி வீட்டினுள் கொணர்ந்து, குளிர் நீங்கிய பின்னர், அதற்குரிய மின்னேற்றியாலேயே ஏற்றுதல் வேண்டும். அதுவும் வாசற்கதவுக்குச் செல்லும் வழியிலல்ல, வீட்டார் விழித்திருக்கும் வேளையில் மட்டும்.