இடிப்பதா வளர்ச்சி?

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனால் எப்படிப் பொழுது போகிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு இந்த முறை ஹாக்கியில் போயிற்று. நம் ஊர் ஹாக்கி இல்லை. பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கி.

மகள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ட்ராய் என்ற சின்ன ஊரில். 1824-இல் தொடங்கிய ரென்சலர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட் அங்கேதான் இருக்கிறது. புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் படித்த கல்லூரி. அதன் ஹாக்கி அணிக்குப் பெயரே 'எஞ்சினியர்ஸ்'. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் கட்டடப் பொறியாளராக இருந்தவனுக்கு வேறு எந்த அணியைப் பிடிக்கும்?

மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். எங்களுக்கு முன்வரிசையில் என் வயதுக்காரர்கள் இருவர். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி ஆட்டம். நடுவில் இரண்டு இடைவேளை. இடைவேளை வந்தால் போதும், இருவரும் சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். 1954-லும் 1985-லும் தேசிய சாம்பியன், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று தொடங்கி, பேச்சு ஊர் விஷயத்துக்குப் போனது.

"இந்தப் பழைய கொட்டகையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால்தான் நல்ல பையன்கள் சேர வருவார்கள். கீழே கடைத்தெருவிலும் அப்படித்தான். பழசைத் தள்ளிவிட்டு கார் நிறுத்த இடம் விட்டால் கூட்டம் தானாக வரும்" என்றார் ஒருவர்.

"அதைத்தான் ஒருமுறை செய்து பார்த்தோமே" என்றார் மற்றவர்.

முதல்வர் சொல்வதுதான் எல்லா ஊரிலும் எடுபடுகிறது. அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவர் 'கொட்டகை' என்று சொன்னது உண்மை. ஹூஸ்டன் ஃபீல்டு ஹவுஸ் என்ற அந்த அரங்கம் முதலில் கடற்படையின் கிடங்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்து உபரியாகக் கிடந்ததை ரோட் ஐலண்டு மாநிலத்திலிருந்து பிரித்து எடுத்து வந்து, மறுபடி பூட்டி, 1949-இல் திறந்தார்கள். கப்பல் சாமான் கிடந்த கூரையின் கீழ் நாலாயிரத்துச் சொச்சம் பேர் உட்கார்ந்து கத்துகிறோம். இரண்டு கோப்பையும் வென்றது இதைச் சொந்தக் களமாகக் கொண்ட அணிதான். கோல் விழாததற்குக் கூரை என்ன செய்யும்?

அதே 1949-இல்தான் அமெரிக்க அரசு வீட்டுவசதிச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. பழைய பகுதிகளை வாங்கி இடித்து நிலத்தைத் திருத்தும் நகரங்களுக்கு, நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசே தந்தது. ட்ராயும் நடுவூரில் வரிசை வரிசையாக இடித்தது. அந்த வட்டாரத்தில் வணிக வளாகமும் கார் நிறுத்தும் கட்டடமும் வந்தன. கூட்டம் வந்ததா? 1910-இல் எழுபத்தாறாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020-இல் ஐம்பத்தோராயிரம். ஆலைகள் மூடியதுதான் பெரிய காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடித்ததால் ஆலை திரும்பவில்லையே. 1970-களில் ஆற்றங்கரையில் எழுப்பிய நகர மன்றக் கட்டடத்தை 2011-இல் இடித்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் ஒரு செங்கல் எழவில்லை.

தப்பிப் பிழைத்தவைதான் இன்று ஊருக்குச் சோறு போடுகின்றன. 1870-களின் நியூயார்க்கைக் காட்ட மார்ட்டின் ஸ்கார்செஸி தம் 1993 படத்துக்குத் தேடி வந்தது ட்ராயின் பழைய செங்கல் தெருக்களைத்தான். 1875-இல் கட்டிய சேமிப்பு வங்கியின் மாடியில் உள்ள இசை மண்டபத்தில் இன்றும் கச்சேரி நடக்கிறது.

இதெல்லாம் அந்நிய ஊர்க் கதை, உமக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்கு உண்டு. 1990-களில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்துக்கு 'பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று சான்று எழுதியவன் நான். சுண்ணாம்புக் காரைச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்குக் கட்டைகள். சுவர் கல்லு மாதிரி இருந்தது. அரித்துப்போன இரண்டு கட்டைகளை மாற்றி, தளத்தைச் செப்பனிட்டிருந்தால் போதும். பழுது பார்க்க நிதி இல்லை, புதுக் கட்டடத்துக்கு உண்டு என்றார் மேலதிகாரி. கையெழுத்துப் போட்டேன். இருபது வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, புதுக் கட்டடத்தில் காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. பிள்ளைகள் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அமெரிக்காவானாலும் நம் ஊரானாலும் வியாதி ஒன்றுதான். இடிக்கப் பணம் இருக்கிறது, ஒட்டுப்போடப் பணம் இல்லை. எங்கே பணம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பொறியாளர் அறிக்கை எழுதுகிறார்.

இடிந்து விழும் நிலையில் உள்ளதை இடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிரைவிடச் சுவர் பெரிதில்லை. ஆனால் இடிக்கும் முன் மூன்று விஷயம் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பழுது பார்க்க என்ன செலவு, புதிதாகக் கட்ட என்ன செலவு என்று இரண்டு மதிப்பீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் லாபம் இல்லாத ஒரு பொறியாளர் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். புதுக் கட்டடத்துக்கு முழுப் பணமும் கையில் வந்த பிறகே கடப்பாரை விழ வேண்டும்.

அன்று எஞ்சினியர்ஸ் தோற்றுப் போனார்கள். முன்வரிசைக்காரர்கள் இருவரும் சண்டையை முடிக்காமலே, "அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்" என்று எழுந்தார்கள். இடிக்கச் சொன்னவர் படியிறங்கும்போது அந்தப் பழைய கைப்பிடியைத்தான் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

உங்கள் ஊரில் இப்போது எந்தக் கட்டடத்துக்குச் சான்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? போய் ஒருமுறை சுவரைத் தட்டிப் பாருங்கள்.